மோசம் போனவன்

பிப்ரவரி 11, புதன். லூர்து.

மாதா குகைக் கெபி முன்னால் முழந்தாளிட்டு நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாதாவே, ததே என் கண்ணில் பட்டதும் அவனைக் கன்னத்தில் அறைந்துவிடாமல் இருக்க எனக்குப் பொறுமை கொடு. காரைக்காலிலிருந்து எங்கள் திருப்பயணக் குழுவில் வந்த மற்றவர்கள் எல்லாம் புற்றுநோய்க்கும் பேரப்பிள்ளைக்கும் உருகி உருகி வேண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தது இது.

ததேயு என் தம்பி. என்னைவிடப் பதினேழு வயது இளையவன். அவன் பிறந்தபோது அம்மாவுக்கு முடியாமல் போனதால் நான்தான் தூக்கி வளர்த்தேன். வெல்டிங் படித்துவிட்டு உள்ளூரில் வேலை பார்க்காமல், ஏஜென்ட் ஒருத்தன் பேச்சைக் கேட்டு ஐரோப்பாவுக்கு வந்தான். இத்தாலியில் ஏதோ சமையற்கட்டில் பாத்திரம் கழுவினான். பிறகு லண்டன் போகிறேன் என்று பிரான்சின் வடகோடித் துறைமுகமான டன்கிர்க்குக்குப் போய்ச் சேர்ந்தான். "இங்கேர்ந்து பாத்தா லண்டன் தெரியுதுக்கா" என்று அக்டோபரில் போனில் சொன்னான். பொய் என்று தெரியும். சிரித்துவிட்டு வைத்தேன். அதன் பிறகு அவன் போன் அணைந்தே கிடக்கிறது.

டிசம்பரில் நான் நர்ஸாக இருக்கும் வார்டில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது தெரியாத எண் ஒன்று வந்தது. இலங்கைத் தமிழ்.

"ரோசாலி அக்காவோ? நான் டன்கிர்க்கில இருந்து கமலநாதன் கதைக்கிறன். ததேன்ர சிநேகிதன். மன்னிக்கோணும் அக்கா, ததே மோசம் போயிட்டார்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "நெனச்சேன். இப்படித்தான் ஆவும்னு அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றேன். பிறகு மெதுவாக, "ஊருக்கு அனுப்புறதோ, இங்கேயே வைக்கிறதோ அக்கா?" என்று கேட்டார்.

"அங்கேயே கெடக்கட்டும்! எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வருவான்?" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏஜென்டிடம் உன் மகன் மோசம் போய்விட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். அழுது முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நேபாளிக்காரர்கள் விரித்து வைத்திருந்த கடையில் போய் நீல ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்தாள். இந்தத் திருப்பயணத்தில் என் பெயரைச் சேர்த்ததும் அவள்தான். "லூர்துக்குப் போயிட்டு அப்படியே அவனக் கையப் புடிச்சு கூட்டிட்டு வந்துரு" என்றாள்.

வருகிறேன் என்று கமலநாதனுக்கு எழுதினேன். "ஓம் அக்கா. கட்டாயம் வாங்கோ. கூட்டிக்கொண்டு போறன்" என்று பதில் வந்தது. தம்பியைப் பேசச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனும் பேசவில்லை. ரோஷம் எங்கள் குடும்பச் சொத்து.

பிப்ரவரி 12, வியாழன். பாரிஸ்.

நாள் முழுக்க ரயில். இருபதாம் தேதி விமான நிலையத்தில் வந்து நிற்பேன் என்று பங்குச் சாமியாரிடம் சத்தியம் செய்தேன். "தம்பியோட வருவியாம்மா?" என்றார். தரதரவென்று இழுத்து வருவேன் என்றேன்.

பிப்ரவரி 13, வெள்ளி. டன்கிர்க்.

இந்த ஊரில் காற்று அடிக்கவில்லை, ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. வானமும் கடலும் கட்டடமும் ஒரே சாம்பல் நிறம்.

ஸ்டேஷனில் கமலநாதன் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒடிசலான ஆள், உணவகம் ஒன்றில் சமையல் வேலை. அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒளிந்துகொண்டிருப்பான், கழுதை. நானும் கேட்கவில்லை.

கமலநாதன் மரியாதையாகத்தான் பேசுகிறார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஏதோ தப்பு செய்துவிட்டது மாதிரி பெட்டியையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"அவன எப்பப் போயிப் பாக்கலாம்?" என்றேன்.

"திங்கட்கிழமை காலமை போவம் அக்கா. நாளைக்கும் ஞாயிறும் கார்னிவல். ரோட்டெல்லாம் பூட்டு, பஸ் ஓடாது. எனக்கும் வேலையில லீவு தரமாட்டினம். இடம் பக்கத்து ஊரில இருக்கு."

"தனியாவா இருக்கான்?"

"இல்லை. கன பேர் இருக்கினம். எங்கட நாட்டுப் பெடியன் ஒருத்தனும் பக்கத்திலதான். அமைதியான இடம்."

ஏதோ அகதி விடுதி போலிருக்கிறது. "குளிருமே" என்றேன். "அம்மா ஸ்வெட்டர் குடுத்து அனுப்பியிருக்கு."

நின்றுவிட்டார். என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அதையும் கொண்டு வாங்கோ" என்றார்.

அவர் குடியிருக்கும் வீட்டுக்காரி மதாம் ஓதில். எழுபது வயது, விதவை. மாடியறையில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறாள். வாசலிலேயே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னவோ நீளமாகச் சொன்னாள். விடவே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லும்போது நான் இப்படித்தான் பிடிப்பேன் என்று ஒரு நொடி தோன்றியது. பயணக் களைப்பு. சூப் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

பிப்ரவரி 14, சனி.

மதாம் ஓதில் என்னை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனாள். எனக்கு பிரெஞ்சு தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் தெருமுனைகளில் நீலப் பலகைகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் காரைக்காலில் தெருப்பெயர்களில் பாதி அழிந்து கிடக்கும் அதே 'ரூ' இங்கே பளிச்சென்று இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே வந்து உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்தான். அவர்களிடம் யாரும் விசா கேட்டிருக்க மாட்டார்கள்.

செங்கல் மணிக்கூண்டு ஒன்று வானத்துக்கு நிற்கிறது. கால் மணிக்கு ஒருமுறை பாட்டாகவே மணி அடிக்கிறது. அதற்கு எதிரே கோயில். சுவரெல்லாம் சண்டைக்காலத்துக் குண்டு துளைத்த குழி. அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சதுக்கத்தின் நடுவில் வாளைத் தூக்கிப் பிடித்த கடல் தளபதி சிலை. அந்த மனிதரின் கழுத்தில் யாரோ இளஞ்சிவப்பு இறகு மாலை போட்டிருந்தார்கள்.

ஊர் முழுக்க ஆண்கள் பாவாடை வாங்குகிறார்கள். சும்மா சொல்லவில்லை. தொந்தியும் தாடியுமாக ஒருவர் கடை வாசலில் நின்று நைட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் கமலநாதனின் உணவகப் பின்வாசலில் போய் விளக்கம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"முந்தின காலத்தில மாசி மாசம் இங்கயிருந்து ஐஸ்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கப் போவினம். ஆறு மாசம் வரமாட்டினம். கன பேர் பிறகும் வரமாட்டினம். அதால வெளிக்கிட முதல் முதலாளிமார் சாப்பாடும் குடியும் குடுக்கிறது. அந்தக் கூத்துத்தான் இது."

"அதுக்கு ஏன் பொம்பள வேஷம்?"

"வேஷம் கட்டோணும் எண்டால் கையில கிடைக்கிறது பொஞ்சாதியின்ர உடுப்புத்தானே அக்கா." லேசாகச் சிரித்தார். இவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே இப்போதுதான் தெரிகிறது. "ததேக்கும் இந்தக் கதை சொன்னனான். தானும் கட்டோணும் எண்டவன். உங்கட சேலை ஒண்டு கேட்டு எழுதப்போறன் எண்டவன்."

"கட்டுவான், கட்டுவான். கொழுப்பு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி வெங்காயத்தைப் பார்த்தார். கடலுக்குப் போகிறவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்தே ஒரு ஊர் விருந்து வைக்கிறது. எங்கள் கடற்கரையில் படகுக்கு மாதா படம் ஒட்டி மாலை போடுவார்கள், அவ்வளவுதான்.

இரவு அம்மா கூப்பிட்டாள். "அவன் ஏன்டி எங்கிட்ட பேச மாட்டேங்குறான்?" வெட்கம் என்றேன். "எங்கிட்ட என்னடி வெக்கம்" என்றாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு.

காலையில் பூசை. பிறகு துணி துவைத்தேன். காயவே மாட்டேன் என்கிறது.

மதியம் மூன்று மணிக்கு மேல் தெரு முழுக்க ஆள். நீண்ட கழியில் பூக்குடை, இறகு, முகத்தில் சாயம், கம்பளிக் கோட்டு. முரசும் குழலும் முன்னால் போகின்றன. ஆண்கள் கை கோத்து வரிசை வரிசையாக நின்று, முரசு வேகமெடுத்ததும் மொத்தக் கூட்டமும் ஒருவரை ஒருவர் நெருக்கித் தள்ளுகிறது. விழுந்தால் மிதிபடுவார்கள் என்று பயந்தேன். ஆனால் விழுந்தவனை நாலு கை தூக்கி நிறுத்திவிடுகிறது. வார்டில் கூட இவ்வளவு வேகமாக யாரும் தூக்கமாட்டார்கள்.

ஐந்து மணிக்கு நகராட்சிக் கட்டடத்து மாடத்திலிருந்து மேயர் மீன் வீசினார். ஆமாம், மீன். புகை போட்டுப் பதப்படுத்திய மத்தி மாதிரியான மீன், பிளாஸ்டிக் உறையில் சுற்றியது. கீழே ஆயிரக்கணக்கான பேர் கை நீட்டிக் கத்துகிறார்கள். குடையைக் கவிழ்த்துப் பிடிக்கிறார்கள். என் தோளில் வந்து ஒன்று மொத்தென்று விழுந்தது. எனக்குப் போட்டியாகப் பக்கத்தில் இருந்தவள் பாய்ந்தாள். விடுவேனா? பிடுங்கிக்கொண்டேன். ததேக்குக் கருவாடு என்றால் உயிர். கோபம் கோபம்தான், அதற்காகக் கருவாட்டில் என்ன வஞ்சனை? கைப்பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அங்கேதான் ஒரு கூத்து. 'ஷப்பல்' போகலாம் என்றாள் மதாம் ஓதில். காரைக்கால்காரிக்கு அந்த வார்த்தை தெரியாதா, சிற்றாலயம். முக்காடு போட்டுக்கொண்டு, லூர்தில் வாங்கிய மெழுகுதிரியையும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். போனால் அது யாரோ ஒருவர் வீடு! கார்னிவல் நாளில் தெரிந்தவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்து வெங்காய சூப்பும் சாராயமும் கொடுக்கும் வீட்டுக்கு இங்கே அந்தப் பெயராம். உள்ளே பாவாடை கட்டிய பத்துப் பன்னிரண்டு ஆண்கள் மேசையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் முக்காடும் மெழுகுதிரியுமாக நான்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு வியப்பு. மதாம் ஓதில் நாலு வார்த்தை சொன்னதும் பாட்டு நின்றது. நைட்டியும் தாடியுமாக ஒருவர், நேற்றுக் கடை வாசலில் பார்த்த அதே ஆள், எழுந்து வந்தார். பெயர் கஸ்தோன். பூத்தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். என் மெழுகுதிரியை வாங்கிப் பற்றவைத்து ஜன்னலோரம் நிறுத்தினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று மெதுவான பாட்டு ஒன்று பாடினார்கள். கஸ்தோன் கண்ணில் போட்டிருந்த மை கரைந்து கன்னத்தில் இறங்கியது.

வேலை முடித்து வந்த கமலநாதனிடம், மதாம் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"நீங்கள் ததேன்ர அக்கா எண்டு."

ஏமாந்துபோன ஒருத்தனுக்கு இந்த ஊரில் இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன். கைப்பையில் மீன் நாறுகிறது. ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். நாளை காலை எட்டு மணிக்குப் பஸ்.

பிப்ரவரி 16, திங்கள்.

எழுதித்தான் ஆகவேண்டும்.

பஸ்ஸில் மூன்று பேர் போனோம். மதாம் ஓதில் மடியில் மஞ்சள் பூத்தொட்டி. கார்னிவல் என்று நினைத்தேன். நீளச் சுவர் ஒன்றின் பக்கம் இறங்கினோம். விடுதிச் சுவர் என்று நினைத்தேன். கதவைத் தாண்டியதும் கல் சிலுவைகள். வழி போலிருக்கிறது, இதைத் தாண்டித்தான் விடுதி என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். கடைசி மூலையில், கல் எதுவும் இல்லாத மண்மேடுகளின் வரிசை முன்னால் கமலநாதன் நின்றுவிட்டார். மேட்டுக்கு மேடு ஒரு மரச்சிலுவையோ பலகையோ. சிலவற்றில் பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது. அவர் நின்ற இடத்தில் பெயர் இருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"ததே, அக்கா."

"ததே எங்க?"

அவர் முகம் மாறியது. "அக்கா, நான் சொன்னனான்தானே. டிசம்பரில. ததே மோசம் போயிட்டார் எண்டு."

"ஏமாந்துட்டான்னு சொன்னீங்க! ஏஜென்ட்டு ஏமாத்திட்டான்னு..."

"ஏஜென்ட்டோ? நான் ஏஜென்ட்டைப் பற்றிக் கதைக்கவே இல்லையே." அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயோ அக்கா. எங்கட ஊரில மோசம் போறது எண்டால் செத்துப்போறது."

இருபத்தைந்து வருடமாக வார்டில் நிற்கிறேன். காலமானார், தவறிட்டார், போய்ச் சேர்ந்துட்டார், மூச்சு நின்னுடுச்சு. சாவுக்கு எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை என்று இருந்தேன்.

கமலநாதன் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அனுப்புறதோ, இங்கேயே வைக்கிறதோ எண்டு கேட்டனான். நீங்கள்தான்..."

அவர் முடிக்கவில்லை. நான் முடித்தேன். "அங்கேயே கெடக்கட்டும்."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கோர்வையாக நினைவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தேன். மதாம் ஓதில் என் தலையைப் பிடித்திருந்தாள். நவம்பர் கடைசியில் லண்டனுக்கென்று ரப்பர் படகு ஒன்றில் ததே ஏறியிருக்கிறான். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே படகு கிழிந்திருக்கிறது. நீச்சல் தெரிந்தவன்தான், காரைக்கால் கடலில் நான் கூடவே நின்று கற்றுக்கொடுத்தேன். இந்தக் கடலின் குளிருக்கு அந்த நீச்சல் போதவில்லை. அவனைத் தூக்கி வந்தது உயிர்காப்புப் படகில் போகும் தொண்டர் ஒருவர். நேற்று என் மெழுகுதிரியைப் பற்றவைத்த அந்த நைட்டிக்காரர், கஸ்தோன். ததேயின் சட்டைப்பையில் இருந்தது கமலநாதனின் போன் எண் மட்டும். கமலநாதன்தான் போய் அடையாளம் காட்டியிருக்கிறார்.

"கல்லு மாதிரி ஒரு அக்கா எண்டு நினைச்சன்" என்றார் கமலநாதன். "இவ்வளவு நாளும் உங்களை மனசுக்க திட்டினனான். மன்னியுங்கோ."

"ஜெபம் யாரு சொன்னா?"

"ஒருத்தரும் கிடைக்கேல்ல. நான் சைவக்காரன். போனில தேடி, 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' எண்டதை வாசிச்சனான். பிழையோ தெரியாது."

பிழை இல்லை என்றேன்.

ஸ்வெட்டரை எடுத்தேன். இதன் தோள்பட்டை ததேக்குப் பற்றாது என்று வாங்கிய அன்றே அம்மாவிடம் சண்டை போட்டிருந்தேன். சிலுவைக்குப் போட்டுவிட்டேன். பொத்தானைக் கமலநாதன் போட்டுவிட்டார். சரியாக இருந்தது. மீனை உறை பிரித்து மண்மேல் வைத்தேன்.

"கடற்பறவை தூக்கிக்கொண்டு போயிடும் அக்கா."

"போவட்டும்."

பிப்ரவரி 17, செவ்வாய்.

துவைத்த துணி காய்ந்துவிட்டது. மடித்து வைத்தேன். அம்மா நான்கு முறை கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

அக்டோபரிலிருந்து போன் எடுக்காத தம்பியை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. ரோஷம் என்று இந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும்.

பிப்ரவரி 18, விபூதிப் புதன்.

ஊர் காலையில் வெறிச்சென்று இருந்தது. நகராட்சி ஆட்கள் இறகுகளையும் உடைந்த குடைகளையும் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள். குண்டுக்குழி விழுந்த கோயிலுக்குப் போனேன். கஸ்தோனும் வந்திருந்தார். பேன்ட் சட்டையில் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மை முழுக்கப் போகவில்லை, கண்ணோரம் ஒட்டியிருந்தது. சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி என்னவோ சொன்னார். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் இன்றைக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய். வெளியே வந்ததும் கஸ்தோனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். இவைதான் அவனைக் கடைசியாகத் தூக்கியவை. தமிழில் நன்றி சொன்னேன். புரிந்தது அவருக்கு.

வாசலில் கமலநாதன் காத்திருந்தார். பாரிஸ் ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"எங்கடி போய்த் தொலஞ்ச? ததேயப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எப்படியிருக்கான்? எளச்சிட்டானா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அங்கே அம்மா தனியாக இருக்கிறாள். மேல்மூச்சு வாங்கினால் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. நெற்றியில் சாம்பலோடு எப்படிச் சொல்ல? கடைசியில் என் நாக்கில் வந்தது அந்த வார்த்தைதான்.

"அம்மா, தம்பி மோசம் போயிட்டாம்மா."

பக்கத்தில் நின்ற கமலநாதன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலை குனிந்தார். அவர் காதுக்கு நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இதத்தான் அப்பவே சொன்னியேடி" என்றாள் அம்மா. "போனது போவட்டும். அவனத் திட்டாத. காசா பெருசு? ஆளு வந்தாப் போதும்னு அம்மா சொல்லுச்சுன்னு சொல்லு."

"சொல்றேம்மா."

"ஸ்வெட்டர் போட்டுக்கிட்டானா? தோளு பத்தாதுன்னு அன்னைக்கு என்னா குதி குதிச்ச. பத்துச்சா?"

"பத்துச்சும்மா" என்றேன். "அளவா இருக்கு."